சாக்கடை மலையேறிய வாரம்

முன் அறையில் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது.

வைக்கும் சத்தம் என்பது மரியாதைக்குச் சொல்வது. மேஜையின் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்த சத்தம் அது. படுக்கையறைக் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அண்ணி எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. டீ குடித்துவிட்டுக் காலி டம்ளரை அப்படி வைக்க இந்த உலகத்தில் ஒரே ஒருத்தியால்தான் முடியும். அவள் நாத்தனார்.

“இந்தா அண்ணா, மழைக்கோட்டு. மடிச்சு வெச்சிருக்கேன். இது குடை. இது கூலிங் கிளாஸ். எல்லாம் உன் வீட்டுக்காரம்மாவோடது, என் பையில கிடந்துச்சு. இனிமே அவங்களுக்கும் எனக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்ல.”

தையல் மிஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணியின் கணவர் தையல்காரர். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு விட்டுவிட்டு, வீட்டு மிஷினில் உட்கார்ந்து தைப்பதுதான் அவர் எடுத்துக்கொள்ளும் ஓய்வு.

“உள்ளதான் இருக்கா. நீயே குடுத்துட்டுப் போயேன்” என்றார்.

“நான் உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்.”

“என்னைப் பார்க்க வர்றவ, எனக்குக் கை நுழையாத மழைக்கோட்டை எதுக்குத் தூக்கிட்டு வர்றே?”

உள்ளே அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவள் மடியில் கிடந்த புது டேப்லட், தொடுவார் இல்லாமல் மங்கி, தானே அணைந்துபோனது. வியாழக்கிழமையிலிருந்து இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நாளைக் காலை நாத்தனார் வேறு குழுவோடு நிலம் அளக்கக் கிளம்பிவிடுவாள். மேனேஜரிடம் சண்டை போட்டு அந்த மாற்றலை வாங்கியிருந்தாள். அதை நிறுத்த அண்ணிக்கு இந்த ஒரு மத்தியானம்தான் மிச்சம்.

அவளை அண்ணி என்று கூப்பிடுவது நாத்தனார் மட்டுமல்ல. அந்த நில அளவை ஆபீஸ் முழுக்க அவள் அண்ணிதான். அவளைவிட மூத்தவரான மேனேஜர்கூட ஒருநாள் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, பிறகு அதையே வழக்கமாக்கிக்கொண்டார். தெருக்கோடியில் நின்று நாத்தனார் “அண்ணீ” என்று ஒரு குரல் கொடுத்தால் ஜன்னல்கள் திறக்கும். அந்தக் குரலுக்குப் பிறகு வேறு பெயர் யாருக்கு நினைவில் நிற்கும்?

நாத்தனாருக்கு ஆபீசில் பெயர் நெட்டை. எந்த வாசலிலும் தலையைக் குனிந்துதான் நுழைவாள். அண்ணியோ உருண்டை. இருவரும் சேர்ந்து நடந்து வந்தால் “பத்து வருது பாரு” என்பார்கள், ஒன்றும் பூஜ்யமும்.

“யாருடா இங்க பூஜ்யம்?” என்று அண்ணி ஒருநாள் இடுப்பில் கை வைத்தாள்.

“விடுங்க அண்ணி. நான் பக்கத்துல நிக்கறதாலதான் உங்களுக்கு மதிப்பு” என்றாள் நெட்டை.

“நான் இல்லேன்னா நீ வெறும் ஒண்ணுடி.”

இப்படித்தான் பொழுது போகும் அவர்களுக்கு.

கல்யாணத்துக்கு முன்னால் அண்ணி அந்த ஆபீசில் டைப் அடிக்கத்தான் சேர்ந்தாள். ஒருநாள் வெளிவேலைக்கு ஆள் குறைந்தது. சும்மா துணைக்கு வா என்று அழைத்துப் போனார்கள். முக்காலி மேல் நிறுத்தியிருந்த கருவிக்குள் ஒரு தடவை பார்த்தாள். எங்கோ இருந்த சுவரின் கீறல் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. அவ்வளவுதான், டைப் அடிக்கும் நாற்காலிக்கு அவள் திரும்பவேயில்லை.

அப்படி ஒரு ரோட்டை அகலப்படுத்த அளந்துகொண்டிருந்தபோதுதான், கழுத்தில் அளவு நாடா தொங்க ஒரு தையல்காரர் கடையிலிருந்து பாய்ந்து வந்தார். தன் கடை வாசலைத் தானே அளந்து வைத்திருப்பதாகவும், ஒரு விரல்கடை போனாலும் சும்மா விடமாட்டேன் என்றும் சத்தம் போட்டார். பின்னாலேயே அவருடைய தங்கை வந்து, கருவிக்கு நேர் எதிரே மரம் மாதிரி நின்றுகொண்டாள். நகரச் சொன்னால் நகரவில்லை. கருவியின் கண்ணாடிக்குள் பார்த்தால் அவள் முகம் மட்டும்தான் தெரிந்தது. கோபத்தில் மூக்கு விடைத்த அழகான முகம்.

“இவ்வளவு உயரத்தை வெச்சுக்கிட்டு சும்மா நிக்கறியே. குச்சி பிடிக்க வர்றியா?” என்று கேட்டாள் அண்ணி.

ரோடு எதிர்ப்பக்கமாகப் போயிற்று. கடை தப்பியது. தையல்காரர் நன்றி சொல்ல வந்தவர், அப்புறம் வேறு காரணங்களுக்காகவும் வந்தார். கல்யாணத்துக்கு முன்பே தங்கை வேலைக்கு வந்துவிட்டாள். ஊரில் அண்ணி–நாத்தனார் சண்டையைப் பற்றி ஆயிரம் கதை சொல்வார்கள். இவர்கள் காலையில் ஒரே வேனில் போய், ஒரே மர நிழலில் சாப்பிட்டு, சாயங்காலம் ஒரே புழுதியோடு வீடு திரும்பினார்கள். பெற்ற பெண் இல்லாத அண்ணிக்கு அந்தக் குறை எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றால் அதற்கு நெட்டைதான் காரணம். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, முக்கியமாக நெட்டையிடம்.

வேலை இதுதான். அண்ணி கருவியின் பின்னால் நிற்பாள். நெட்டை தூரத்தில் குச்சியைத் தரையில் ஊன்றி நிற்பாள். குச்சியின் உச்சியில் இருக்கும் கண்ணாடியைக் கருவி பார்த்து, அந்த இடம் எங்கே, எவ்வளவு மேடு, எவ்வளவு பள்ளம் என்று சொல்லும். அந்தக் கணக்குச் சரியாக வர, குச்சி எவ்வளவு உயரம் என்று தெரிந்தாக வேண்டும். நடுவில் ஒரு சுவரோ வண்டியோ மறைத்தால் நெட்டை குச்சியை நீட்டுவாள். அந்த நீளங்களுக்கு அவர்களே பெயர் வைத்திருந்தார்கள்: தோள், தலை, மாடி. நெட்டை “மாடி” என்று கத்துவாள். அண்ணியும் பதிலுக்கு “மாடி” என்று கத்துவாள். தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். அளந்த புள்ளிகளைப் பதிந்துகொள்ள அண்ணியின் கையில் இருக்கும் பழைய பெட்டி, ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் “குச்சி உயரம்?” என்று கேட்கும். அவள் பார்க்காமலே பொத்தானை அமுக்குவாள். பேச்சு நடந்துகொண்டே இருக்கும், விரல் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

அந்தப் பெட்டிக்குள் இருந்த மென்பொருளை எழுதிய கம்பெனி கடையை மூடிவிட்டுப் போய்விட்டது. இனி எல்லாக் குழுவும் டேப்லட்டில் புது மென்பொருள்தான் என்றார் மேனேஜர். கற்றுக்கொடுக்க வந்தவர் குளிரூட்டிய அறையில் திரையைத் தடவித் தடவிக் காட்டி, மூச்சுக்கு மூச்சு “ரொம்ப ஈஸி” என்றார். சந்தேகம் கேட்கக் கை தூக்கலாமா என்று அண்ணி பார்த்தாள். சுற்றிலும் எல்லாரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவளும் ஆட்டினாள். பக்கத்தில் நெட்டை மட்டும் ஆட்டவில்லை.

“அண்ணி, உங்களுக்குப் புரிஞ்சுதா?”

“புரியாம என்ன. வாயை மூடிட்டுக் கவனி.”

புதன்கிழமை அளக்கப் போன இடம், ஒரு புதுக் குடியிருப்புக்காக வெட்டியிருந்த சாக்கடைக் கால்வாய். வரிசையாக மண் லாரிகள் நின்றிருந்தன. நெட்டை முட்டியளவு சேற்றில் நடந்து நடந்து குச்சியை ஊன்றினாள். லாரி மறைத்த இடத்திலெல்லாம் “மாடி” என்று கத்தினாள். அண்ணிக்கு நன்றாகவே கேட்டது. பழக்கத்தில் “மாடி” என்று பதிலும் கத்தினாள். கத்திவிட்டு, கேள்வி வரட்டும் என்று டேப்லட்டைப் பார்த்தாள். புது மென்பொருள் கேட்கவில்லை. கடைசியாகச் சொன்ன உயரத்தையே பிடித்துக்கொண்டு, மணி அடித்த மாதிரி இனிமையாக ஒரு ஓசை கொடுத்து, அடுத்த புள்ளிக்குத் தயாராகிவிட்டது. இது கேட்காமலே தெரிந்துகொள்ளும் போலிருக்கிறது, என்ன முன்னேற்றம் என்று அண்ணி பூரித்துப்போனாள்.

வியாழக்கிழமை ஆபீசில் பெரிய திரையில் படம் வந்தது. லாரி நின்ற இடத்திலெல்லாம் கால்வாய்த் தரை மேலே எழும்பி நின்றது. கொஞ்ச தூரம் இறங்கி, ஒரு ஆள் உயரம் ஏறி, மறுபடி இறங்கி, மறுபடி ஏறியது.

“அண்ணி, உங்க சாக்கடை மலையேறுதே. தண்ணி என்ன, படிக்கட்டுல நடந்தே போயிடுமா?” என்றார் மேனேஜர்.

ஆபீசே குலுங்கிச் சிரித்தது. அண்ணிக்குக் காது சூடேறியது. சிரித்த முகங்களுக்கு நடுவில், இந்த மென்பொருள் கைக்கு வராதவர்கள் டைப் அடிக்கும் அறைக்குப் போகலாம் என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது. யாரும் சொல்லவில்லை, அவள் பயம்தான் சொன்னது. அந்தப் பயத்திலேயே வாயும் திறந்தது.

“குச்சியை ஏத்தினதை இவ என்கிட்ட சொல்லவே இல்ல சார்.”

நெட்டை திரும்பிப் பார்த்தாள். அடி வாங்கிய குழந்தை, அடித்தது யார் என்று பார்க்கிற பார்வை அது. மேனேஜர் தன் அறைக்குத் திரும்பியதும் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இப்போது முன் அறையில் நாற்காலி நகரும் சத்தம். கிளம்பப் போகிறாள்.

அண்ணி டேப்லட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நெட்டை சட்டென்று சுவர்க் காலண்டரைப் படிக்க ஆரம்பித்தாள்.

“ஏங்க, உங்க தங்கச்சியை உட்காரச் சொல்லுங்க.”

“உன்னை உட்காரச் சொல்றா” என்றார் தையல்காரர்.

“எனக்கு வேலை இருக்குன்னு சொல்லு அண்ணா.”

“அவளுக்கு வேலை இருக்காம்.”

“ஞாயித்துக்கிழமை என்ன வேலைன்னு கேளுங்க.”

“இந்தாங்க, எனக்கும் வேலை இருக்கு” என்று மிஷினை நிறுத்தினார் அவர். “ஒரு சட்டைக்குக் காலர் வைக்கணும். நீங்க ரெண்டு பேரும் என்னைத் தபால்பெட்டி ஆக்கினா காலர் கைக்குப் போயிடும். நேரா பேசுங்க. இல்ல, நேரா அடிச்சுக்குங்க.”

அண்ணி என்னென்னவோ சொல்லத் தயார் செய்து வைத்திருந்தாள். எல்லாம் மறந்துபோய், உள்ளே இருந்த ஒன்று மட்டும் வெளியே வந்தது.

“நீ கத்தினது எனக்குக் கேட்டுச்சு.”

நெட்டை காலண்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“எல்லாத் தடவையும் கேட்டுச்சு. நான் பதிலுக்குக் கத்தினேனே. பழைய பெட்டி மாதிரி உயரம் கேட்கும்னு நெனச்சேன். இது கேட்கல. எனக்கு அது தெரியல. தெரியலேன்னு சொல்லப் பயமா இருந்துச்சு, அதான் உன் தலையில போட்டேன்.”

“எனக்குத் தெரியும்.” நெட்டையின் குரல் கம்மியது. “நீங்க பதில் சொன்னது என் காதுல விழலியா? சேத்துல செருப்பு சிக்கிக்கிட்டு நிக்கறேன். உங்க குரல் கேட்டதும்தான் அடுத்த அடி வெச்சேன். அத்தனை பேர் முன்னாடி நான் சொல்லவே இல்லன்னுட்டீங்க. இப்போ நாலு சுவத்துக்குள்ள வந்து கேட்டுச்சுன்னா ஆச்சா அண்ணி?”

ஆகாது என்று அண்ணிக்குப் புரிந்தது. அவள் போனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்து, மேனேஜரைக் கூப்பிட்டாள். பாதித் தூக்கத்தில் ஒரு குரல் வந்தது.

“சார், அந்த சாக்கடை விஷயம். இவ சொன்னா. நான்தான் உயரத்தை மாத்தாம விட்டேன். தப்பு என்னுது. நாளைக்கு ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் சொல்றேன்.”

அந்தப் பக்கம் ஒரு பெரிய கொட்டாவி. “இதைச் சொல்லவா ஞாயித்துக்கிழமை எழுப்பினீங்க? தப்பு யாருதுன்னு எனக்கு எதுக்கு அண்ணி, நான் என்ன ஜட்ஜா? அந்தக் கால்வாய்க்கு நேத்தே கான்கிரீட் போட்டு மூடிட்டாங்க. திரும்ப அளக்க முடியாது. சரிபண்ண வழி இருக்கா இல்லையா?”

“இருக்கு சார். இதுல பழைய புள்ளியைத் தொட்டு உயரத்தை மாத்தினா தரை தானா இறங்குது. இன்னிக்குக் காலையிலதான் கண்டுபிடிச்சேன். ஆனா எந்தெந்தப் புள்ளிக்குக் குச்சி எவ்வளவு ஏறிச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்ல, படத்தைப் பார்த்து ஊகிச்சா தப்பாயிடும். லாரிக்குப் பின்னாடி கண்ணாடி மட்டும்தான் தெரிஞ்சுது.”

“யாருக்குத் தெரியும்?”

அண்ணி நெட்டையைப் பார்த்தாள். தையல்காரரும் பார்த்தார். போன்கூடக் காத்திருந்தது.

நெட்டை மூக்கை உறிஞ்சினாள். “நூல்கண்டு எடு அண்ணா” என்றாள். “நிறைய எடு.”

மூவரும் தரையில் உட்கார்ந்தார்கள். மழைக்கோட்டை நீளமாகச் சுருட்டிப் போட்டு, அதுதான் கால்வாய் என்றாள் நெட்டை. நூல்கண்டுகள் லாரிகள். சிவப்பு லாரிக்குச் சிவப்பு நூல்கண்டுதான் வேண்டும் என்று அடம் பிடித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள், உட்கார்ந்த இடத்திலேயே.

“இங்க தோள். இங்கயும் தோள். இங்கதான் அந்த டிரைவர் ஜன்னல் வழியா எட்டி, ‘படம் பிடிக்கறீங்களாம்மா, நான் சட்டை மாத்திட்டு வரட்டா’ன்னு கேட்டான். அவன் லாரிதான் மறைச்சுது. மாடி.”

அண்ணி அந்தப் புள்ளியைத் தொட்டு உயரத்தை மாற்றினாள். திரையில் மலையாய் நின்ற தரை சப்பென்று கீழே இறங்கியது.

“அடுத்தது?”

“அதுவும் மாடி. அங்கதான் செருப்பு போச்சு. ஒத்தைக் காலோட நின்னுக்கிட்டு, ‘இருங்க அண்ணி’ன்னேன். நீங்க, ‘நாத்து நடறியாடி’ன்னு கேட்டீங்க.”

“கேட்டேன்” என்றாள் அண்ணி. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. “அப்புறம்?”

“அப்புறம் இறக்கிட்டேன். தோள். அந்த சிமெண்ட் குழாய் மேல ஒரு நாய் படுத்திருந்துச்சு பாருங்க, அது வரைக்கும் தோள்.”

வெயில் ஜன்னலில் சாய்ந்து வந்தது. தையல்காரர் காலரை மறந்தார். லாரிகளை நகர்த்தும் பொறுப்பு அவருடையது. தப்பாக நகர்த்தி இரண்டு பேரிடமும் திட்டு வாங்கினார். ஒரு இடத்தில் அண்ணியின் விரல் தவறி வேறு எதையோ தொட்டு, படமே காணாமல் போயிற்று. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நெட்டை எட்டி, நீளமான விரலால் திரையை ஒரு ஓரமாக இழுத்தாள். படம் திரும்பி வந்தது.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது. சும்மா இழுத்துப் பார்த்தேன்.”

கடைசிப் புள்ளியும் இறங்கியது. கால்வாய் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, நல்ல பிள்ளை மாதிரி, சரிந்து சரிந்து போய்ச் சேர்ந்தது. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தையல்காரர் எழுந்து போய் மிஷினில் உட்கார்ந்தார், ஆனால் மிதிக்கவில்லை. இன்னும் ஒன்று பாக்கி இருப்பது அவருக்கும் தெரியும்.

“நாளைக்கு அந்தக் குழுவோட போறியா?” என்று கேட்டாள் அண்ணி. குரல் அவளுடையதாகவே இல்லை.

நெட்டை நூல்கண்டுகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினாள். “அந்த வகுப்புல நான் ஏன் தலையாட்டலன்னு தெரியுமா? எனக்குச் சந்தேகம் கேட்கணும்னு இருந்துச்சு. நீங்க வாயை மூடச் சொன்னீங்க. பழைய பெட்டியை நீங்க எனக்கு ஒரு நாளும் குடுத்ததில்ல. அது உங்களுக்கு அத்துப்படி, சரி. இது உங்களுக்கும் புதுசு, எனக்கும் புதுசு. எனக்கும் பழகணும் அண்ணி. நான் சாகற வரைக்கும் குச்சிதான் பிடிக்கணுமா?”

அண்ணி டேப்லட்டைப் பார்த்தாள். கருவிக்குப் பின்னால் நிற்பது அவளுக்கு வேலை மட்டுமில்லை. டைப் அடிக்கும் அறையிலிருந்து அவளை வெளியே இழுத்துவந்த இடம் அது. அதை விட்டு, சேற்றில் குச்சியோடு நின்று, இன்னொருத்தி தன்னைக் கண்ணாடிக்குள் பார்ப்பதை நினைத்தாள். மனசு கொஞ்சம் முரண்டு பிடித்தது. பிறகு, அதே கண்ணாடிக்குள் முதல்நாள் பார்த்த விடைத்த மூக்கு ஞாபகம் வந்தது. நெட்டை போய்விட்டால், அந்த இடத்தில் நின்று யாரைப் பார்ப்பது?

டேப்லட்டை அதன் உறையில் போட்டு, நெட்டையின் மடியில் வைத்தாள்.

“வீட்டுக்குக் கொண்டு போ. ராத்திரி சார்ஜ் போடு. நாளைக்கு நீ கருவிக்குப் பின்னாடி நில்லு, நான் குச்சி பிடிக்கறேன். அப்புறம் மாத்தி மாத்தி.”

“நெஜமாவா?”

“நான் கத்தறேன், நீ கேளு. கேட்டதும் உயரத்தை மாத்து.”

நெட்டை எழுந்து, அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் உயரத்துக்கு அது ஒரு கொக்கு குனிகிற மாதிரி இருந்தது. மேலே இருந்து இரண்டு சொட்டுக் கண்ணீர் அண்ணியின் தலையில் விழுந்தது. தையல்காரர் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்தார். அது அடுத்த நாள்தான் தெரிந்தது.

போன் இன்னும் மேஜையில் கிடந்தது. அதிலிருந்து குறட்டை கேட்டது.

“சார்” என்றாள் நெட்டை, போனுக்குப் பக்கத்தில் குனிந்து. “சார், என்னை அந்தக் குழுவுல போட வேண்டாம்.”

“ம்? எந்தக் குழு?” என்றது போன். “சரி சரி. சாக்கடை இறங்கிச்சா?”

“இறங்கிடுச்சு சார்.”

“அப்போ என்னையும் விடுங்க. நானும் தூக்கத்துல இறங்கணும்.”

நெட்டை டேப்லட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினாள். முகத்தில் இப்போதே ஒரு அதிகாரம் வந்திருந்தது.

“காலையில வெயில் ஏறறதுக்கு முன்னாடி கிளம்பணும் அண்ணி. லேட்டா வரக்கூடாது.”

“சரிங்க மேடம்.”

“குச்சியை நேரா பிடிக்கணும். அதுல இருக்கற ரசமட்டத்துல குமிழி நடுவுல நிக்கணும். பேச்சு சுவாரசியத்துல சாய்ச்சுடாதீங்க.”

“சரிங்க மேடம்.”

“மேடம்னு கூப்பிடாதீங்க. ஊரே அதைப் பிடிச்சுக்கும்.”

“போடி” என்றாள் அண்ணி.

நெட்டை தலையைக் குனிந்து வாசலைத் தாண்டினாள். படியிறங்கும் சத்தம், கீழே போய் யாரிடமோ டேப்லட்டைக் காட்டிப் பேசும் சத்தம், பிறகு தெருவில் நடக்கும் சத்தம். அண்ணி சிறிது நேரம் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். பிறகு மெதுவாகச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.